நாற்பது நொடி நேரலை

மானுட வரலாற்றின் பெரும் பாய்ச்சல்கள் மூன்று: நெருப்பு, சக்கரம், அந்தப் பல்கலைக்கழகம் வாங்கிய நேரலைப் பெட்டி. மூன்றாவதைச் சக்கரம் வைத்து இழுத்துச் செல்லலாம் என்பதால் இரண்டாவதும் வீண்போகவில்லை.

கேமரா, மைக், படத்தை மாற்றும் பொத்தான்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். இழுத்துப் போகிறவளுக்குப் 'பெட்டியக்கா' என்று பெயர். பட்டமளிப்பு விழாவன்று அவளுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அறுபது பேரில் கடைசியாகப் பட்டம் வாங்கப்போகிறவள் அவள் தங்கை. கால் முறிந்து வீட்டில் கிடந்த அம்மா அதை நேரலையில் பார்க்கக் காத்திருந்தாள்.

அரங்கின் பிளக் பாயின்ட்களை எல்லாம் மேடையின் அலங்கார விளக்குகள் 'ஆட்கொண்டு' விட்டதால், பெட்டி பேட்டரியில் ஓடியது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். விழா ஒன்றரை மணி நேரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது, துணைவேந்தர் மேடையில் தன் கைப்பேசியில் நேரலையைத் திறக்கும்வரை.

முதல் மாணவனிடம் பட்டத்தை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"இன்னும் குடுக்கலையே! இதுல நான் இப்பதான் நாற்காலியை விட்டு எந்திரிக்கறேன்."

பெட்டியக்கா மேடையோரம் ஓடினாள். "சார், படம் பெட்டிக்குள்ள நாப்பது செகண்ட் தங்கித்தான் நேரலைக்கு வரும்."

"அப்ப எதும்மா நிஜம்? இதுவா, அதுவா?"

"நீங்க நிக்கறதுதான் சார் நிஜம்."

"உலகம் பாக்கறது அதைத்தானேம்மா," என்று குறுக்கிட்டார் பதிவாளர். 'உலகம்' அப்போது பதினேழு பேர். அதில் ஒருத்தி அம்மா.

பதிவாளர் அங்கேயே விதி வகுத்தார்: 'நேரலையில் கைமாறிய பின்னரே பட்டம் வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.' எனவே ஒவ்வொருவரும் பட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி நாற்பது நொடி புன்னகைத்து நின்றார்கள். ஒரு பொருளாதார மாணவிக்குக் கன்னம் பிடித்துக்கொண்டது. துணைவேந்தர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெட்டியக்காவை அம்மா அழைத்தாள். "ஏண்டி, எல்லாரும் பொம்மை மாதிரி நிக்கறாங்க? நெட்டு போச்சா?"

"இல்லம்மா. விதி."

"பாப்பா எப்ப வருவா?"

"வருவா, வருவா. போனை வை."

பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தது.

தங்கை மேடையேறிப் பட்டத்தைப் பிடித்தாள். பெட்டி ஒருமுறை கீச்சிட்டு அணைந்தது. துணைவேந்தரின் கைப்பேசியில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"நடக்கலை," என்று பட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அடுத்த வருஷம் வாம்மா."

தங்கை பிடியை விடவில்லை. "முந்நூறு பேர் பாத்துட்டு உக்காந்திருக்காங்களே சார்!"

"பாத்ததெல்லாம் ஆதாரம் ஆகுமா?" என்றார் பதிவாளர் கனிவாக. "தத்துவம் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

பெட்டியக்கா தன் கைப்பேசியில் அம்மாவை வீடியோவில் அழைத்து, அதை உயர்த்திப் பிடித்தபடி மேடைக்கு வந்தாள்.

"சார், நடக்கலைன்னு சொன்னீங்களே, அது நேரலையில வந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப நீங்க சொல்லவே இல்லை. பாப்பா, வாங்கிட்டு வாடி!"

தங்கை ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டாள். கைப்பேசிக்குள் அம்மா கைதட்டினாள். அதைக் கேட்டு முந்நூறு பேரும் தட்டினார்கள்.

துணைவேந்தர் ஆட்சேபிக்க வாயெடுத்தார். ஆனால் முதலில், முறைப்படி, தன் கைப்பேசியைப் பார்த்தார். அதில் அவர் இல்லை. அறுபது பிள்ளைகள் எதிரே வந்து நின்றும் ஒரு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்திராத அந்த மாமேதை, தான் இருப்பதற்கு ஆதாரம் வேண்டி, சுற்றும் வட்டத்தையே பார்த்தபடி நின்றார்.