கண்டக்டர் எழுந்திருக்கும் வரை

முதல் பரோட்டாவைப் பிய்க்கும்போதே பஸ் போய்விடுமோ என்ற பயம் அப்பாதுரைக்கு வந்துவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டல். இரவு பதினொன்றரை. வாசலில் நான்கு பஸ்கள் நின்றன. இவன் வந்த பஸ் மட்டும் கண்ணில் படவில்லை. பாழாய்ப்போன லாரி ஒன்று அதை மறைத்துக்கொண்டு நின்றது.

காலை எட்டு மணிக்கு மெட்ராஸில் ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ. மூன்று வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய கார்டு. தாமதமாகப் போனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சர்ட்டிபிகேட் பையோ பஸ்ஸில் இருக்கிறது. சீட்டுப் பிடிக்கத் துண்டு போதாதென்று பையையும் போட்டுவிட்டு வந்தது இவன் புத்தி.

விழுப்புரத்தில் புறப்படும்போது மனைவி தையல்நாயகி, புதிதாகத் தைத்த காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு, மயிலம் தேர்த் திருவிழாவில் வாங்கிய விசிலையும் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"பார்த்த ஒடனே கண்டக்டர்னு நெனைக்கணும். அப்பதான் வேல குடுப்பாங்க."

"பைத்தியம், பைத்தியம்" என்று திட்டினானே தவிர, அவன் கழற்றவில்லை.

மாமனார் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "ராத்திரி பஸ்ஸுல போனா கண்டக்டர் மேல ஒரு கண்ணு வெச்சிக்கினு துன்னு மாப்ள. அவன் எந்திரிக்காம வண்டி நவுராது."

நல்ல யோசனைதான். ஆனால் கண்டக்டரை யார் பார்த்தார்கள்? பஸ்ஸில் இருட்டு, நெரிசல். டிக்கெட்டே நாலு கை மாறித்தான் இவனிடம் வந்தது.

சுற்றிலும் பார்த்தான். எதிர் மேஜையில் காக்கிச் சட்டை, முறுக்கு மீசை, தோளில் தோல் பை. அப்பாடா! கண்டக்டர்.

நிம்மதியாக இரண்டு பரோட்டாவை முடித்தான். கண்டக்டரும் முடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் மண்ணாங்கட்டி வந்து நின்றார். "சாப்ட்டவங்க எந்திரிங்க. ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க."

எழுந்தால் வெளியே நிற்க வேண்டும். அந்த இருட்டில் கண்டக்டரை எங்கே தேடுவது?

"ஒரு ஆம்லேட்டு."

எதிர் மேஜையிலிருந்தும் குரல் வந்தது. "இங்கயும் ஒண்ணு."

அப்பாதுரைக்கு எரிச்சலாக வந்தது. ஐம்பது பேர் பஸ்ஸில் காத்திருக்க, இந்த மனுஷனுக்கு ஆம்லெட் கேட்கிறது!

வெளியே ஒரு ஹாரன் அலறியது. அப்பாதுரை பாதி எழுந்தான். கண்டக்டரும் பாதி எழுந்தார். இவன் அவரைப் பார்த்தான், அவர் இவனைப் பார்த்தார். இவன் உட்கார்ந்தான். அவரும் உட்கார்ந்தார்.

'டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறான். மறுபடி உட்காருகிறாரே! இதெல்லாம் ஒரு கண்டக்டரா? நான் வேலையில் சேர்ந்தால் இப்படியா இருப்பேன்?'

ஆம்லெட்டும் தீர்ந்தது. மண்ணாங்கட்டி மறுபடி முறைத்தார். அப்பாதுரை பாயா கேட்டான். எதிர் மேஜையும் பாயா கேட்டது. இவன் மெதுவாக உறிஞ்சினால் அவர் இன்னும் மெதுவாக உறிஞ்சினார். சட்டைப் பொத்தான் தெறிக்கும் நிலையில் அப்பாதுரை பொறுமை இழந்து வாயைத் திறந்தான்.

"ஏங்க, நேரமாவலீங்களா?"

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "அய்யய்யோ, நீங்க நிதானமா சாப்புடுங்க சார். நீங்க எந்திரிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

அப்பாதுரை உருகிப் போனான். ஒரு பயணிக்காக இவ்வளவு நேரம் பஸ்ஸை நிறுத்தி வைக்கும் கண்டக்டரா! மனசுக்குள் திட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் மனம் நோகக்கூடாதே என்று, வேண்டாத வயிற்றில் இன்னும் ஒரு பரோட்டாவைத் திணித்தான். அவரும் பெருமூச்சு விட்டபடி ஒன்று வாங்கிக்கொண்டார்.

வெளியே ஹாரன் இரண்டு தடவை நீளமாக அலறி ஓய்ந்தது. அப்பாதுரை இந்தத் தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மண்ணாங்கட்டி அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். "பேஜாரு பண்ணாதீங்க. கட சாத்தணும். எந்திரிங்க ரெண்டு பேரும்!"

இருவரும் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். கண்டக்டர் மரியாதையாக இரண்டடி பின்னால் வந்தார்.

லாரி இல்லை. லாரிக்குப் பின்னால் பஸ்ஸும் இல்லை. ரோட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

சீட்டு, துண்டு, சர்ட்டிபிகேட், வேலை எல்லாம் மெட்ராஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. அப்பாதுரைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திரும்பி அவர் சட்டையைப் பிடித்தான்.

"யோவ் கண்டக்டர்! வண்டி எங்கய்யா? என் பொழப்பே போச்சே! சொல்லுய்யா, வண்டி எங்க?"

அவர் மலங்க மலங்க விழித்தார். அப்பாதுரையின் காக்கிச் சட்டையையும், கழுத்தில் ஆடிய விசிலையும் இன்னொரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் விக்கிரவாண்டி போஸ்ட்மேனுங்க. நீங்க இங்க குந்திக்கினு இருக்கசொல்ல வண்டி எப்பிடிப் போச்சு, கண்டக்டர் சார்?"