டெட்ரிஸ் அக்கா

டெலிபோனைத் தோளில் இடுக்கி, ஒரு கையால் பில் போட்டு, மறு கையால் டெட்ரிஸ் ஆடிய ஒரே ஜீவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் அக்காதான். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் சேர்ந்தபோது அவர் அங்கே பில்லிங்கில் இருந்தார். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்றபடி முதலாளி முதல் டீக்காரர் வரை எல்லாருக்கும் டெட்ரிஸ் அக்கா.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழும். திருப்பி, நகர்த்தி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். நிரம்பாமல் கட்டைச் சுவர் ஏறி உச்சியைத் தொட்டால் தோல்வி. அக்காவுக்கு இது விளையாட்டு இல்லை, குலதெய்வம். அதற்கு ஸ்தல புராணமும் வைத்திருந்தார்.

மாஸ்கோவில் அரசாங்க ஆபீஸில் இருந்த ஒருவர், பெட்டிக்குள் மரத்துண்டு அடுக்கும் பழைய விளையாட்டைப் பார்த்து இதைச் செய்தாராம். அவருடைய கம்ப்யூட்டரில் படமே வராதாம். அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டை செய்தாராம். உலகமே ஆடியும் பல வருஷம் அவர் கைக்கு ஒன்றும் வரவில்லையாம். இந்த இடத்தில் அக்காவுக்குக் குரல் கம்மிவிடும், சொந்த அண்ணனைச் சொல்வதுபோல.

ஒருநாள் முதலாளி பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மணி, வேலை நேரத்துல வெளையாடறது நல்லா இருக்குதுங்களா?"

"அவரு இதைச் செஞ்சதே வேலை நேரத்துலதானுங்க. நாம வேற நேரத்துல ஆடினா அவருக்கு மரியாதையா இருக்குமுங்களா?"

முதலாளி மறுநாளே ஆளை வைத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஆட்டத்தை அழித்துவிட்டார். அக்கா அதே ஆட்டம் ஓடும், உள்ளங்கையில் அடங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றோடு வந்தார். அது உடைவதற்குள் செல்போன் வந்துவிட்டது. ஆட்டம் எங்கே குடிமாறினாலும் அக்காவும் பின்னாலேயே போனார்.

பிறகு அவர் சந்து விட ஆரம்பித்தார். எங்களுக்கு ஒரே கேலி.

"என்னங்க்கா, கை தளந்துருச்சுங்களா?"

"நடுவால கருப்பா ஒண்ணு வந்து நிக்குது கண்ணு. புதுக் கட்டையாட்ட இருக்குது, எந்தப் பக்கம் திருப்பறதுன்னுதான் தெரியல" என்று சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போயிருந்தது. ஊசி போட்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள். பில்லில் தப்பு வரத் தொடங்கியதும், யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே வேலையை விட்டுவிட்டு, போத்தனூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். கொஞ்ச நாளில் பார்வை முழுக்கப் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கட்டைவிரலும் சும்மா அசைந்துகொண்டிருந்தன. என் குரலைக் கேட்டதும் நலம் விசாரிக்கவில்லை.

"போன் வெச்சிருக்கறயா? அதைப் போடு. என்ன வருதுன்னு நீ சொல்லு, எங்க உடறதுன்னு நான் சொல்றேன்."

"இங்கிலீஷ் எல்லு மாதிரி வருதுங்க்கா."

"ஒருக்காத் திருப்பி இடது ஓரத்துல உடு."

மொத்தச் சுவரையும் மனசுக்குள் கட்டி வைத்திருந்தார். நான்தான் தடவினேன். "உன்ற கையில பம்ப்செட்டைக் குடுத்தா கெணறே வத்திப்போகும்" என்று திட்டினார். என் தடுமாற்றத்தில் சுவர் ஏறிக்கொண்டே போனது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு நீளச் சந்து. நேர்க்கட்டை ஒன்று வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வந்தது சதுரம். ஆட்டம் முடிந்துவிட்டது.

"நேர்க்கட்டை வந்துருச்சுங்க்கா. உட்டுட்டனுங்க. நாலு வரிசையும் போயிருச்சு."

அக்கா கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தோத்தா வர்ற சத்தம் எனக்குத் தெரியாதுங்களா, சாமி? மறுக்கா ஆரம்பி."

ஆரம்பித்தேன். முதல் கட்டை இறங்கியது. "என்ன வருது? என்ன வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் திரை கலங்கி, அது என்ன வடிவம் என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், போத்தனூரில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.