பீட்டரின் டேலியாவில் ஒரு பால்கறி

சமைக்கவே தெரியாதவனை நம்பி அடுப்படியில் விடலாம். அரைகுறையாகத் தெரிந்தவனை விடவே கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு 2009 நவம்பரில் வந்தது.

அப்போது நாங்கள் லண்டன் வெம்பிளியில் இருந்தோம். பாரிஸில் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் குகன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். கல்யாணப் பேச்சின்போது, "அவனுக்கு ஒரு வேலையும் உருப்படியாச் செய்ய ஏலாது" என்று சொன்னவர். (முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.) அந்த வாயாலேயே 'கெட்டிக்காரன்' என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

மனைவி வசந்திக்குக் காலை ஷிப்ட். போகும்போது சொன்னாள்:

"இரவிலை உறையத் தொடங்கியிட்டுது. மிச்சத் தக்காளியைக் காயாவே பிடுங்குங்கோ. கறிவேப்பிலைச் சாடியை உள்ளுக்கை எடுங்கோ. ஷெட்டுக்கை பூசணிக்காய் கிடக்கு, அதைக் கறி வையுங்கோ. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

கடைசி வசனம் என் காதில் ஏறவில்லை.

தக்காளியைப் பிடுங்கினேன். வாடிய அவரைக் கொடியை அறுத்தேன். கறிவேப்பிலையைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கி வந்து ஹோலில் வைத்தேன். பிறகு ஷெட்டுக்குப் போனால், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே மரத்தூள். மரத்தூளுக்குள் கொத்துக் கொத்தாக வத்தாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி! எனக்குத் தெரியாமல் நட்டிருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தான் கண்ணில் கிழங்கு பட்டால் சட்டிக்குள்தான் போகும். யாருடையது, எதற்கு வைத்தது என்று விசாரிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

தண்டு ஒட்டியிருந்த தலைகளை வெட்டி உரத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, கிழங்கை அவித்தேன். அவிந்தது, அவிந்தது, மெத்தென்று ஆகவே இல்லை. தேங்காய்ப்பால் டின் இரண்டை உடைத்து ஊற்றிச் சமாளித்தேன்.

குகன் வந்தார். வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார்.

"இதென்ன கிழங்கு?"

"எங்கடை தோட்டத்துக் கிழங்கு, அண்ணை!"

"நார் நாராக் கிடக்கு" என்றவர், மரியாதைக்கு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வசந்தி வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ளை இருந்ததோ?"

"ஓம்."

"ஐயோ, அது பக்கத்து வீட்டுப் பீட்டற்றை டேலியாக் கிழங்கு! தன்ரை ஷெட் ஒழுகுதெண்டு குளிர் முடியுமட்டும் இங்கை வைச்சவர். செத்துப்போன மனிசி நட்ட பூ!"

நஞ்சோ என்று பார்க்கக் கணினியைப் போட்டோம். அது திறந்து முடிவதற்குள் குகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையளோடை கடைசியா ஒருக்காக் கதைக்கட்டோ?" என்றார். ஆபத்தில்லை, வாயு மட்டும்தான் என்று போட்டிருந்தது. (குகனின் வயிறும் அதை உறுதிப்படுத்தியது.)

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடை முழுக்க அந்த மனிதர் அந்தப் பூக்களுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். பீட்டரிடம் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு, மேசையை விட்டு எழும்பாமல் இருந்தேன். குகன்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எழும்பு, நானும் வாறன். ரெண்டு தரம் போட்டுத் திண்டவன் நான்தானே."

பீட்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "தண்டை என்ன செய்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். முளை அந்தத் தலையில்தான் இருக்கும் என்று மண்வெட்டிகூட எடுக்காமல் ஓடி வந்தார். மூன்று பேரும் உரத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினோம். பாரிஸ் கோட்டோடு முழங்கை வரை அழுகல் பூசியபடி, அதிகம் தேடி எடுத்தவர் குகன்.

கிடைத்த தலைகளைத் துடைத்து அடுக்கிய பீட்டர், கறி எப்படி இருந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குகன் தன் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்: "வெரி பேட்."

பீட்டர் சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த கோடையில் பாதிக்கு மேல் முளைத்துப் பூத்தன. குகன் இன்றுவரை என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை வரும்போதும் தங்கைக்கு ஒரு பூங்கொத்து கொண்டுவருவார். வாசலிலேயே அவள் கையில் கொடுத்து, எனக்குக் கேட்கும்படி குரலைத் தாழ்த்துவார்:

"கெதியா ஒளிச்சு வை. அவன் சட்டி கழுவுறான்."