இந்த முறை நான் சாகவில்லை

லாஸ் ஏஞ்சலஸ்,
1966 அக்டோபர், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மார்கிட் அக்காவுக்கு, தம்பி லாயோஷ் பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் கிளீவ்லாந்து குளிருக்கு ஈடுகொடுத்து நலமாக இருப்பீர்கள் என்றும், அம்மாவுக்கு முட்டிவலி தணிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நானும் இங்கே உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு.

சூப்புக் கரண்டியை வாயருகே வைத்துத் தலைமையகத்தோடு பேசுவானே ஓர் அசட்டு ஒற்றன், அந்தச் சனிக்கிழமை டிவி தொடரில் ஒரு வாரத்துக்கு மட்டும் வில்லனாக வர என்னை அழைத்திருந்தார்கள். நம்ம ஹங்கேரிக்காரன் உச்சரிப்புக்கு இந்த ஊர்ல ஒரே வேலைதான் அக்கா, உலகத்தை அழிக்கிறது. கடைக்குப் போனா "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே"ம்பான், பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. அது போகட்டும். ஆனா கடைசியில என்னைச் சாகடிக்காம விடமாட்டேங்கிறாங்களே! ஒருத்தன் முதலைக்குப் போட்டான், ஒருத்தன் லிப்டை என் தலையில இறக்கினான், போன வருஷம் சிமெண்டுல புதைச்சாங்க. அதையெல்லாம் பாத்துட்டு அம்மா அழுது, கோயிலுக்குப் போய் என் பேருக்கு மெழுகுவத்தி ஏத்தி, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க கசகசா ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு துக்கம் விசாரிக்க வந்து... நீ போன்ல கத்தினது இன்னும் காதுல கேக்குது. "டேய், அம்மா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடா! இன்னொரு தடவை டிவியில செத்தே, நானே ரயிலேறி வந்து உன்னைக் கொன்னுடுவேன்!"

அதனால இந்தத் தடவை வசனக்கட்டு கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிச்சேன். விலங்கு மாட்டி இழுத்துக்கிட்டுப் போறாங்க. உயிரோட! அங்கேயே குதிச்சேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, சாகமாட்டேன்னு சத்தியமே பண்ணிட்டேன். "ஜெயிலாடா? சாப்பாடு ஒழுங்கா போடுவானுங்களா?"ன்னாங்க. போடுவாங்கம்மான்னேன். "அப்ப சரி, பாக்கறேன்"னாங்க.

நேத்துதான் கடைசிக் காட்சி. நான் நாற்காலியைத் தூக்கிக் கதாநாயகன் மண்டையில அடிக்கணும், அது தூள்தூளாகணும், அவன் சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சு எனக்கு விலங்கு மாட்டணும். இதுக்குன்னு தக்கை மரத்துல ஒரு போலி நாற்காலி செஞ்சு வச்சிருப்பாங்க. பாக்க நிஜம் மாதிரியே இருக்கும், தொட்டா உடையும். எனக்கோ காலையிலேர்ந்து ரோமக் கோட்டு, இரும்புக் கை, ஒட்டு மீசை. மத்தியானம் சாப்பிட ஒரு நாற்காலியை ஓரமா இழுத்துப் போட்டு உக்காந்தேன் பாரு, அடுத்த நொடி தரையில கிடக்கேன், மடியில உருளைக்கிழங்கு சாலட். சாமான் பொறுப்பாளர் ஓட்டிஸ் ஓடி வந்தார். "ஐயோ, உன் எடைக்கா அதைச் செஞ்சேன்? அது ஒண்ணுதான்யா இருந்துச்சு!"ன்னு தலையில கைய வச்சார். பசை போட்டு ஒட்டி, காயட்டும்னு நிஜ நாற்காலிக்குப் பக்கத்துல நிறுத்தினார்.

இருட்டு மூலை, எனக்குக் கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாது, வில்லனுக்கு ஒத்தைக் கண்ணுல கறுப்புப் பட்டை வேற. எதைத் தூக்கியிருப்பேன்னு நீயே சொல்லு. தலைக்கு மேல தூக்கினப்பறம்தான் கனம் தெரியுது, இது தேக்கு! கதாநாயகன் பார்லோ பாவம் கண்ணை மூடிக்கிட்டு அடி வாங்கத் தயாரா நிக்கிறான். நிறுத்த முடியல, பக்கவாட்டுல திருப்பிட்டேன். உலகத்தை அழிக்கிற என் சொந்த மெஷின் மேல போய் விழுந்துச்சு. பொறி பறந்து, பல்பு வெடிச்சு, புகை மருந்து மொத்தமும் ஒரேயடியா பொங்கி, மெஷின் என் மேலயே சாஞ்சிடுச்சு. அட்டைதான், அடி படல. பார்லோ மேசைக்கடியில பூந்துட்டான். நான் வேலை போச்சுன்னு நினைக்கிறேன், டைரக்டர் ஹால்வர்சன் ஆனந்தக் கூத்தாடுறார். "கேமராவை நிறுத்தாதீங்க! அருமை! லாயோஷ், அப்படியே செத்துடு!"

எனக்கு அம்மா முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு அக்கா. புகைக்குள்ளேர்ந்து தவழ்ந்து வெளியே வந்தேன். "யோவ், சாவுய்யா!"ங்கிறார். "முடியாது சார்!" "உன் மெஷினே உன் மேல வெடிச்சிருக்கு, எப்படிய்யா பொழைப்பே?" "எப்படியோ பொழைச்சுக்கறேன் சார், கதையில அப்படித்தான் இருக்கு!" விளக்குப் பிடிக்கிறவன் காலால என்னை உள்ள தள்றான், நான் மறுபக்கமா வர்றேன். மீசை பாதி தொங்குது. இரும்புக் கையைத் தூக்கிக் கேமராவைப் பாத்து, "இன்னும் உயிரோடதான் இருக்கேன்!"னு கத்தினேன். அவ்வளவுதான், ஓட்டிஸ்லேர்ந்து எல்லாரும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு உருண்டாங்க. ஹால்வர்சன் கண்ணைத் துடைச்சிக்கிட்டே, "சரி, பொழைச்சுப் போ, மறுபடி எடுக்கப் புகை மருந்தும் இல்ல"ன்னுட்டார். பார்லோ வெளியே வந்து விலங்கு மாட்டினான். அந்த விலங்குக்கு முத்தம் கொடுத்தேன்.

ஆகவே நவம்பர் முதல் சனிக்கிழமை அம்மாவை நிம்மதியாக டிவி முன்னால் உட்கார வை. பக்கத்து வீடுகளில் யாரும் மாவு பிசைய வேண்டாம் என்று சொல்லிவிடு. அத்தானுக்கு என் வணக்கம். அம்மாவின் கைகளுக்கு என் முத்தம். தேவமாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லாயோஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ஹால்வர்சன் போன் பண்ணினார். நான் தவழ்ந்ததைப் பாத்துட்டு முதலாளிகள் எல்லாரும் சொக்கிப் போயிட்டாங்களாம். "உன்னை மறுபடி கூப்பிடணும்னு ஒரே பிடிவாதம்யா! அந்த வில்லனோட ரெட்டைப் பிறவியா வர்றே. அண்ணன் சாவுக்குப் பழி வாங்கறே!"ன்னார். "அண்ணன்தான் சாகலையே சார்?"னேன். "அதுக்குத்தான் திங்கக்கிழமை புதுசா புகை மருந்து வருது"ன்னார். எனக்கு அம்மா ஞாபகம் வர்றதுக்குள்ள இந்தப் பாழாப்போன வாய் சரின்னு சொல்லிடுச்சு. அந்தத் தம்பி வில்லனோட கடைசிப் பக்கம் இன்னும் எழுதலையாம். அக்கா, அம்மா ரெட்டைப் பிள்ளை பெத்ததையும், அதுல மூத்தது செத்ததையும் நீயே அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடு. ரயிலேறி வந்துடாதே.