அக்கா அனுப்பிய சொட்டு மருந்து

சீசாவில் சொட்டு மருந்து அடியைத் தொட்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கிக் கிடந்தவன் அவன். விளம்பரத்தில் பார்த்த மருந்தையெல்லாம் வாங்கக் கிளம்பியவனை, "அதெல்லாம் வேணாம்டா, என்கிட்ட ஒசத்தியான மருந்து இருக்கு" என்று தடுத்து, வெளியூர் அக்காதான் இதை அனுப்பிவைத்தாள். பிள்ளையும் முகம் சுளிக்காமல் குடித்தாள். போன வாரம் பந்துக்குக் கை நீட்டி "தா" என்றாளே! அன்றைக்கு அவன் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

மகளுடைய பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் ஓடினான். "எல்லாம் எங்கக்கா மருந்துதாங்க!"

"சந்தோஷம். ஆனா நான் சொன்னபடி தினமும் பந்தைக் கையில வச்சுக்கிட்டு, அவ கேக்குற வரைக்கும் காத்திருந்தீங்களே, அது கணக்குல இல்லையா?"

"அது சும்மா விளையாட்டுங்க."

"லிஃப்ட் நின்னுபோனா ரெண்டு பார்ட்டை ஒண்ணா மாத்துவீங்களா?"

"சேச்சே! எதுல கோளாறுன்னே தெரியாமப் போயிடுமே."

"அதேதான். மருந்தை மட்டும் நிறுத்திப் பாருங்க."

மருந்து நின்று, வார்த்தையும் நின்றுவிட்டால்? அவனுக்கு மனசு வரவில்லை. பாதியாகக் குறைத்தான். "பந்து தா" என்றாள் மகள். ஆகா, குறைத்தால்தான் வீரியம்! மறுநாள் கொடுக்கவே மறந்துபோனான். "அப்பா, தா" என்றாள். அப்பா! அந்த ஒரு சொல்லுக்கு அவன் உயிரையே எழுதிக் கொடுத்திருப்பான். மறந்ததற்குச் சேர்த்து அடுத்த நாள் இரண்டு மடங்கு ஊற்றினான். பிள்ளை உம்மென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அளவு ஏறிப்போச்சு!"

"சளி பிடிச்சிருக்கு, மூக்கு ஒழுகுது," என்றாள் மனைவி. "உங்க ஆராய்ச்சிக்கு ஒரு கும்பிடு."

மிச்சத்தை அளக்கிறேன் பேர்வழி என்று சீசாவைத் தூக்கினான். கை தவறி, அது தரையில் விழுந்து சுக்குநூறாகியது.

அழுதுகொண்டே போன் போட்டான். "அக்கா, மருந்து கொட்டிப்போச்சுக்கா! என் பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிட்டா, எல்லாம் உன் புண்ணியம். ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். இன்னொரு சீசா அனுப்புக்கா, உன் கால்ல விழறேன்."

அக்கா குறுக்கிட்டாள்.

"அழாம போய்ப் பந்தை எடுடா, விளம்பரத்துல வர்ற கண்டதையும் நீ பிள்ளை வாயில ஊத்திடுவியோன்னு பயந்துதான், எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியக் காய்ச்சி அனுப்பினேன்."