நாப்பத்தொண்ணாம் நம்பர் கார்டு

ஜெயாக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத. நாளைக்கு பிரிஞ்சாங் டவுன்லேர்ந்து வாசகசாலை ஆபீசர் வர்றாரு. நாப்பத்தொண்ணாம் நம்பரக் கேப்பாரு. அது என்கிட்ட இல்லக்கா.

கார்த்திகேசு வாத்தியார் மாத்தலாகிப் போனப்ப, தோட்டத்து வாசகசாலைச் சாவிய எனக்குக் குடுத்தாங்கல்ல? பழைய புக்கு, தோட்டத்துக் காகிதம், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு ஒரு கார்டு. எல்லாம் சரியா இருக்குன்னு பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். இது நம்ம தோட்டம், ரிங்லெட், கம்போங் ராஜா, மூணும் சேந்த திட்டம். அவங்கவங்க சாமானும் கார்டும் அவங்கவங்ககிட்டயே இருக்கும், பிரிஞ்சாங் ஆபீஸ்ல கார்டோட நகல் மட்டும்.

போன மாசம் எண்ணிப் பாத்தா, நாப்பத்தொண்ணாம் நம்பர், ‘பள்ளிக்கூடப் பேர் ரெஜிஸ்டர், 1938’ காணோம். தோட்டத்துத் துரைக்குத் தெரிஞ்சா சாவிய புடுங்கிடுவாரு. அப்பா மறுநாளே கூடைய மாட்டிக் கொழுந்து பறிக்க அனுப்பிடுவாரு.

பயத்துல கார்டுல எழுதி, நகலும் அனுப்பிட்டேன்: ‘ரிங்லெட் தோட்டம் இரவல் வாங்கியிருக்கு.’

பிரிஞ்சாங்லேர்ந்து ரிங்லெட் வாசகசாலை விஜயனக் கேட்டிருக்காங்க. அவன் எழுதுறான்: ‘ரெண்டு பக்கம் எலி கடிச்சிருந்தது. ஒட்டுறதுக்குக் கம்போங் ராஜாவுக்கு அனுப்பியாச்சு.’

கம்போங் ராஜா வாசகசாலை மலரக்கா, அதுக்கும் மேல: ‘அட்டை ஒட்டி, லோரியில திருப்பி அனுப்பியாச்சு.’ தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு!

சந்தையில மலரக்காவப் புடிச்சேன்.

“நெசமாவே அனுப்புனீங்களா?”

“எழுதியிருக்கேன்ல?”

“எந்த லோரி?”

“பச்ச லோரி... நீலமோ என்னமோ. நீ ஒழுங்கா தேடும்மா!”

அந்தக் குளிர்லயும் அவங்க நெத்தியில வேர்வ.

நேத்து ஆபீசர் கடுதாசி வந்துச்சு. மூணு தோட்டமும் கண்ணு மாதிரி பாத்துக்கிட்ட ரெஜிஸ்டராம். பேப்பர்காரரக் கூட்டிட்டு வர்றாராம், போட்டோ புடிக்க. துரையும் கூட நிக்கப் போறாராம்.

இன்னைக்கு சாயந்திரம் கோயில்ல, ஊருக்கு வந்திருந்த வாத்தியாரப் பாத்தேன். அழுகையே வந்துடுச்சு.

“சார், நாப்பத்தொண்ண எந்த அலமாரியில வச்சீங்க?”

“எது, பேர் ரெஜிஸ்டரா?”

“ஆமா சார். எலி கடிச்சது. அட்டை ஒட்டுனது.”

வாத்தியார் என்னையே பாத்தாரு. அப்புறம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

“யாரு ஒட்டுனா? ரிங்லெட்காரனும் நாப்பது கார்டு, நம்மளும் நாப்பதான்னு ரோசப்பட்டு, ஒரு கார்டு நானா எழுதிப் போட்டேன். அப்படி ஒரு ரெஜிஸ்டரே கிடையாதுலா!”