மாயன் பயண ஆயத்தக் குழுவின் சாதனைகள்

கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யானாலும் மிச்சமிருக்கும் என் நான்கு பல்லும் இன்றே விழட்டும். மூன்று என்று எழுதியிருக்க வேண்டும், ஒன்று ஆடுகிறது. சத்தியம் என்று வந்துவிட்டால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

கடல் கடந்து தேசம் கண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் கடலைக் கடப்பதற்கு முன்பே இவ்வளவு காரியங்களைச் சாதித்து முடித்தவர்கள் மனித வரலாற்றில் ஒரே ஊரில்தான் தோன்றினார்கள். அந்த ஊர் சங்கரன்கோவில். அவர்களில் நானும் ஒருவன் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தலைவர் பெத்துராஜ் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் திருவேங்கடம் சாலையில் நாங்கள் ஐந்து பேர் நடப்போம். ஊர் முடிகிற இடத்தில் ஒரு கல் மண்டபம். நான்கு தூண், மேலே பலகைக் கல், ஒரு தூணில் மீன், இன்னொன்றில் யாரும் படிக்காத எழுத்து. சுற்றிலும் கரிசல் பொட்டல்; கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது. அந்த மண்டபத்து நிழலில்தான் முப்பிடாதியம்மாள் கம்மங்கூழ் விற்றாள். அங்கே உட்கார்ந்து ஆளுக்கொரு செம்பு குடித்துவிட்டுத் திரும்புவதைத்தான் ஊரில் ‘நடைப்பயிற்சி’ என்று சொல்வார்கள்.

ராஜபாளையம் சாலையில் நடக்கும் கோஷ்டி சென்ற வருடம் கம்போடியா போய் இடிந்த கோவில் பார்த்துவிட்டு வந்தது. வந்ததோடு விட்டார்களா? கோவில் படம் போட்ட பனியனை ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பனியன் தலைவரைத் தூங்கவிடவில்லை.

“அவன் பார்த்ததவிட பழசா, தூரமா ஒண்ணு பாக்கணும் வே” என்று கூழ்ச் செம்பைத் தரையில் குத்தினார்.

பிளக்ஸ் கடை நடத்தும் பிரவின்ராஜ் செல்போனைத் தடவினான். “தலைவரே, மெக்ஸிகோவுல மாயன் பிரமிடு இருக்கு. காட்டுக்குள்ள பூரா பழங்கல்லு. கார நாமளே எடுத்து நாமளே ஓட்டிட்டுப் போலாமாம். செல்ஃப் டிரைவ்.”

அந்த நிமிடமே ‘மாயன் பயண ஆயத்தக் குழு’ உதயமாயிற்று. பெத்துராஜ் தலைவர். அவர் மனைவி சுப்புலட்சுமி மகளிர் அணி மற்றும் புளிக்காய்ச்சல். பிரவின்ராஜ் தொழில்நுட்பம். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற முத்துக்கிருஷ்ணன் போக்குவரத்து. எனக்கு வரலாற்றுப் பிரிவு. என் தலை முழுவதும் நரைத்திருப்பதைத் தவிர வேறு தகுதி எதையும் குழு கேட்கவில்லை.

பானைக்குப் பின்னால் இருந்து முப்பிடாதியம்மாள் கேட்டாள். “அங்கன என்ன பாக்கப் போறிய அண்ணாச்சி?”

“கல்லு” என்றார் தலைவர் கம்பீரமாக.

“இப்ப உக்காந்திருக்கியளே, இது என்ன, இட்லியா?”

“உனக்கு வெளங்காது. அது ஆயிரம் வருசத்துப் பழசு.”

“இதுவும் நேத்து கட்டின மாதிரி தெரியலயே” என்று சொல்லிவிட்டு அவள் மோர்மிளகாயை எண்ணிப் போட்டாள். படிக்காதவர்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குள் பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டோம்.

முதல் கூட்டத்தின் பொருள் நிரலில் பதினான்கு அம்சங்கள். முறுக்கு எத்தனை டின், பருப்புப்பொடியில் காரம் தூக்கலா மட்டா, முன் சீட்டு யாருக்கு, பிரமிடு முன்னால் நின்று எடுக்கும் படத்தில் யார் நடுவில் என்று ஒவ்வொன்றும் ஆழமாக விவாதிக்கப்பட்டது. ஏழாவது அம்சத்தில் வடை வந்தது. வடை வந்தால் மீதி அம்சங்கள் ஏகமனதாக நிறைவேறிவிடும். எங்கள் ஊரில் எல்லாச் சங்கங்களின் நடைமுறையும் அதுதான்.

அடுத்து பயிற்சி. மெக்ஸிகோவில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும்; ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். பிரவின்ராஜின் காரிலோ ஸ்டீயரிங் வலது பக்கம். தலைவர் அசரவில்லை. இடது சீட்டில் உட்கார்ந்து, வீட்டில் ஆரத்தி எடுக்கிற பித்தளைத் தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் தாம்பாளத்தைத் திருப்புகிற பக்கம் பிரவின்ராஜ் காரைத் திருப்ப வேண்டும். தலைவர் “பிரேக்” என்பார், அவன் மிதிப்பான். பின் சீட்டில் முத்துக்கிருஷ்ணன் விசில். ‘தானே ஓட்டுதல்’ என்னும் கலை இவ்வளவு பேருடைய கூட்டு முயற்சி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள், திருவேங்கடத்திலிருந்து வந்த டவுன் பஸ் எங்கள் மூக்குக்கு நேரே நின்றது. நாங்கள்தான் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தோமே.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். “ஏலே, எந்தச் சைடுல வாரிய? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

தலைவர் தாம்பாளத்தை உயர்த்தினார். “தம்பி, இது மெக்ஸிகோ!”

“நான் அந்த வழியாத்தான் வாரேன். அங்கன ஒரு மெக்ஸிகோவும் இல்ல. வண்டிய ஒதுக்கும் வே!”

சாலையில் இனி வண்டி பழகக் கூடாது என்று காவல்துறை அன்போடு கேட்டுக்கொண்டது. ஆகவே தனி மைதானம் வேண்டும். கல் மண்டபத்தைச் சுற்றிக் கிடந்த புறம்போக்குப் பொட்டலை விட்டால் நல்ல இடம் ஏது? ஒரே இடைஞ்சல், நட்டநடுவில் மண்டபம்.

“அத ரவுண்டானான்னு வச்சுக்கிட்டுச் சுத்தி வரலாமே” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“ரவுண்டானான்னா வலமாச் சுத்தணுமா இடமாச் சுத்தணுமா? எனக்கு இருக்கிற கொழப்பம் போதும் வே” என்றார் தலைவர்.

சட்டத்தை மதிக்கிறவர்கள் நாங்கள். மண்டபத்தை இடிக்க அனுமதி கேட்டு, மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது, அவ்வளவுதான் அடையாளம். மூன்றாம் முறை போனபோது நாற்காலியில் ஆள் இருந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

“நீங்க சொல்லுத எடத்துல மண்டபமே கெடையாதே.”

“இருக்குய்யா. காலையிலகூட அதுலதான் கூழ் குடிச்சேன்” என்றேன்.

“நீங்க குடிச்சிருக்கலாம். பதிவேட்டுல இல்ல. இல்லாத மண்டபத்த இடிக்க நான் எப்படி அனுமதி தர முடியும்?”

“அப்ப இடிக்கப்படாதா?” என்றார் தலைவர்.

“இல்லாதத எப்படிவே இடிப்பீரு? அப்படியே இடிச்சாலும், இல்லாதத இடிச்சீருன்னு உம்ம மேல எவன் கேஸ் போடுவான்?”

பெரிய பெரிய மடங்களில் பல வருடம் காத்துக் கிடந்தாலும் இவ்வளவு தெளிவான வேதாந்தம் கிடைக்காது. வணங்கி விடைபெற்றோம்.

தகவலைத் தெரிவிக்கும் பொறுப்பு வரலாற்றுப் பிரிவுக்கு, அதாவது எனக்கு, வந்தது. முப்பிடாதியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“வெளையாடாதிய அண்ணாச்சி.”

“தீர்மானம் போட்டாச்சு தாயி.”

“பொட்டல் அம்புட்டு கெடக்கே, எங்கனயாவது ஓட்டுங்களேன். நான் என்ன கேக்கேன், இந்த நெழலத்தான. வெயில்ல வச்சா பத்து மணிக்கே கூழு புளிச்சுப் போகும். புளிச்ச கூழ எவன் வாங்குவான்? எம்மவ மாரிசெல்விக்கு நர்ஸ் படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. இந்த நாலு தூண நம்பித்தான் அவள அனுப்பியிருக்கேன்.”

“குழுவுல எடுத்துச் சொல்லுதேன்” என்றேன். எடுத்துச் சொன்னேன் என்பதும் சத்தியம். கூட்டம் தொடங்குமுன், எல்லோரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மெதுவாகச் சொன்னேன்.

குழு இரக்கமற்றது அல்ல. அவளுடைய சேவையைப் பாராட்டி ‘பாரம்பரியக் காவலர்’ என்று பட்டம் கொடுத்து, சுப்புலட்சுமி கையால் சால்வை போர்த்துவது என்று தீர்மானித்தது. மண்டபத்தை இடிக்கிற அன்று காலையிலேயே அதுவும் நடந்தது. ஜேசிபிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முப்பிடாதியம்மாளுக்குச் சால்வை. மூன்றையும் பிரவின்ராஜ் ஒரே படத்தில் அடக்கிவிட்டான்.

அவள் சால்வையை விரித்துப் பார்த்தாள். “ஏக்கா, இது கூழுக்குப் போத்தவா, எனக்குப் போத்தவா?” என்று சுப்புலட்சுமியிடம் கேட்டாள். சுப்புலட்சுமி தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

தூண்கள் அரை நாள் அடம்பிடித்தன. பிறகு விழுந்தன. அந்தச் சத்தம் குருவிகுளம் வரை கேட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்த மாட்டேன், பாதி வழி வரைதான் கேட்டது.

விழுந்த கல்லை என்ன செய்வது? இங்கேதான் தலைவரின் மேதைமை ஒளிர்ந்தது. மாயன் பிரமிடின் படிகள் செங்குத்தானவை. சுப்புலட்சுமிக்கு மூட்டுவலி. ஏறிப் பழக வேண்டாமா? மண்டபக் கல்லை அடுக்கி ஏழு படியில் ஒரு ‘பயிற்சிப் பிரமிடு’ எழும்பியது. தலைவர் கடையில் விற்காமல் கிடந்த மஞ்சள் பெயிண்டை இரண்டு கோட்டு அடித்து, ‘மாயன் மஞ்சள்’ என்று பெயர் வைத்தோம். தினமும் காலையில் ஐவரும் ஏறி இறங்கினோம். கொஞ்சம் தள்ளி, ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே முப்பிடாதியம்மாள். குடை நிழலில் பானை இருந்தது. அவள் வெயிலில் இருந்தாள். ஒரு வாரம் கழித்துப் பானையும் இல்லை, குடையும் இல்லை.

ஒரு நாள் ஜெஸ்லின் என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறவள். கையில், கல்வெட்டை எப்போதோ மையில் படியெடுத்த ஒரு பழைய காகிதச் சுருள்.

“சார், இங்கன ஒரு கல் மண்டபம் இருந்துச்சே?”

“மேம்படுத்திட்டோம்” என்றார் தலைவர், ஐந்தாவது படியிலிருந்து.

அவள் மஞ்சள் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாவது படியில் குனிந்து, பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். எழுத்து தெரிந்தது, தலைகீழாக. சுருளை விரித்து, கழுத்தை ஒடித்து, சரிபார்த்தாள்.

“என்னம்மா போட்டிருக்கு?” என்று வரலாற்றுப் பிரிவு கேட்டது.

“எழுநூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தர், இந்த வழியா நடந்து போறவங்களுக்குத் தண்ணியும் நெழலும் கொடுக்கக் கட்டி வச்சிருக்கார். இதக் காப்பாத்துறவங்க பாதம் என் தலைமேலேன்னு எழுதியிருக்கார்.”

“எங்க பாதமும் அவரு தலைமேலதான நிக்குது” என்று தலைவர் மகிழ்ந்தார்.

அவள் சிரிக்கவில்லை. “நீங்க எந்தப் பிரமிடுக்குப் போறீங்க?” என்றாள். பிரவின்ராஜ் படத்தைக் காட்டினான்.

“அதுல ஏற முடியாதே. ஏறினா படி தேயுதுன்னு ரொம்ப வருசமா கயிறு கட்டித் தடுத்து வச்சிருக்காங்க. கீழ நின்னு பாத்துட்டு வரணும்.”

தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“பார்த்தீரா அண்ணாச்சி” என்றார் என்னிடம். “பழங்கல்லுக்கு என்ன மரியாத! அவன் மனுசன். நம்ம ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி எப்பதான் வரும்?”

வழியனுப்பு விழா பஸ் நிலையத்தின் அருகே நடந்தது. பயணத் தேதி முடிவாகாவிட்டால் என்ன? பிளக்ஸ் அடித்தாகிவிட்டது. ‘மாயன் மண்ணை மிதிக்கும் மாவீரர்களே!’ என்று எங்கள் ஐந்து தலையும் பிரமிடு உச்சியில் சிரித்தன. நாதஸ்வரம், மாலை, பொன்னாடை. போய்வந்த அனுபவத்தைப் பற்றித் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

திருநெல்வேலி பஸ் பக்கம் முப்பிடாதியம்மாள் நின்றாள். பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி, நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது. மாலையோடு நான்தான் போய்ப் பேசினேன்.

“எங்க தாயி பயணம்?”

“குவைத்துக்கு. முந்தி ஆறு வருசம் சமையல் வேல பாத்த வீட்டுல திரும்பக் கூப்பிட்டாவ. இனி அங்கன போகப்படாதுன்னு நெனச்சுத்தான் அப்ப ஊருக்கு வந்தேன். என்ன செய்ய, புள்ள படிப்பு பாதியில நிக்கே.”

“எப்ப திரும்புவ?”

“அவ படிச்சு முடிக்கணும். அங்கனயும் வெயிலுதான் அண்ணாச்சி. ஆனா, நிக்கிறதுக்கு வீட்டுக்குள்ள எடம் உண்டு.” அவள் என் கழுத்து மாலையைப் பார்த்தாள். “நீங்க எப்ப பொறப்படுதிய?”

“தேதி பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்றேன். முத்துக்கிருஷ்ணன் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். பழக்கதோஷத்தில் விசிலும் கொடுத்தார். பஸ் புறப்பட்டது. மேடையில் தலைவர் மெக்ஸிகோக்காரனின் மரியாதையைப் பற்றி மறுபடியும் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், கைதட்டல் ஓயவில்லை.

எங்கள் குழுவின் ஐந்து பேரில் ஒருவரிடமும் பாஸ்போர்ட் கிடையாது.